சொந்தக் கட்சித் தலைவரைப் பதவிநீக்கம் செய்ய உறுப்பினர்கள் துணிவார்களா?

குடியாத்தம் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் அமெரிக்க அதிபர்கள் மீதான பதவிநீக்க நடவடிக்கைகளைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. பிரதிநிதிகள் சபையில் சாதாரணப் பெரும்பான்மை இருந்தாலே குற்றச்சாட்டு நிறைவேறிவிடும். ஆனால் செனட்டில் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என்று சொன்னால்தான் அதிபர் பதவியை இழப்பார். அவ்வளவு இடங்களை ஒரே கட்சி பிடிப்பது மிக அரிது என்பதால், அதிபரின் சொந்தக் கட்சியினரில் ஒரு பகுதியினர் எதிர்த்து வாக்களிக்காமல் அவரை நீக்க வழியில்லை. இதுவரை அந்த நாட்டில் எந்த அதிபரும் அவ்வாறு நீக்கப்படவில்லை.

என் கேள்வி, அவர்களை அசைப்பது எது என்பதுதான். குற்றத்தின் கனமா, சாட்சியத்தின் தெளிவா, மக்களின் கோபமா, அல்லது அடுத்த தேர்தலில் சீட் கிடைக்குமா என்ற கவலையா?

இது எனக்கு வெறும் அயல்நாட்டுச் செய்தி அன்று. 2017-இல் முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்துத் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 சட்டமன்ற உறுப்பினர்களில் எங்கள் குடியாத்தம் உறுப்பினரும் ஒருவர். ஆம்பூர், சோளிங்கர் உறுப்பினர்களும் அதில் இருந்தார்கள். மூன்றும் அப்போது ஒரே வேலூர் மாவட்டம். ஆனால், அது கோஷ்டிச் சண்டை, அதை அமெரிக்காவோடு ஒப்பிடுவது தவறு என்று வட்டத்தின் நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். ஒப்பிடலாமா, கூடாதா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

காட்பாடி வாசகர்:

ஐயா, வணக்கம். உண்மை வெளிவந்ததும் சொந்தக் கட்சியே நிக்சனைக் கைவிட்டது என்றுதான் நாம் பொதுவாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். நாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு விரைவாக நடக்கவில்லை என்பது தெரியும். எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் அலுவலகம் இருந்த வாட்டர்கேட் கட்டடத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்தவர்கள் பிடிபட்டது 1972 ஜூன் 17 அன்று. அதே ஆண்டு நவம்பரில் நிக்சன் 50 மாநிலங்களில் 49-ஐ வென்று மீண்டும் அதிபரானார். 1973 கோடைக்காலம் முழுவதும் செனட் குழுவின் விசாரணையை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதிபரின் முன்னாள் ஆலோசகரே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அப்போதும் நிக்சனின் குடியரசுக் கட்சியினரில் பெரும்பாலோர் அவரை விட்டு விலகவில்லை.

1974 ஜூலை 24 அன்று, வெள்ளை மாளிகை உரையாடல்கள் பதிவான ஒலிநாடாக்களை நிக்சன் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 8-0 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மூன்று நாள் கழித்துப் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு முதல் குற்றச்சாட்டை 27-11 என நிறைவேற்றியது. குழுவில் குடியரசுக் கட்சியினர் 17 பேர் இருந்தனர். அவர்களில் 6 பேர் குற்றச்சாட்டை ஆதரித்தார்கள். எதிர்த்த 11 பேரும் அதிபரின் கட்சிக்காரர்களே. அத்தனை மாத விசாரணைக்குப் பிறகும் நிலைமை இதுதான். ஆகஸ்ட் 5 அன்று வெளியான ஒலிநாடாப் பதிவில், திருட்டு நடந்து ஆறே நாள்களில், எஃப்பிஐ விசாரணையைச் சிஐஏவைக் கொண்டு தடுக்கும் திட்டத்துக்கு நிக்சன் ஒப்புதல் தருவது அவருடைய குரலிலேயே இருந்தது. குழுவில் அவருக்காக வாதாடியவர்களே அதன் பிறகு நிலையை மாற்றிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 7 அன்று அவருடைய கட்சியின் மூத்தவர்களான பேரி கோல்ட்வாட்டர், ஹியூ ஸ்காட், ஜான் ரோட்ஸ் ஆகிய மூவரும் வெள்ளை மாளிகைக்குச் சென்று, செனட்டில் அவரைக் காப்பாற்றப் போதுமான வாக்குகள் இல்லை என்ற நிலவரத்தைத் தெரிவித்தார்கள். கோல்ட்வாட்டர் எதிர்முகாமைச் சேர்ந்தவர் அல்லர். 1964-இல் அக்கட்சியின் அதிபர் வேட்பாளராகவே நின்றவர். 8-ஆம் தேதி இரவு அறிவிப்பு வந்தது, மறுநாள் நிக்சன் பதவி விலகினார்.

சாட்சியம் தேவைப்பட்டது என்பது உண்மை. ஆனால் மறுக்கவே முடியாத சாட்சியம் தேவைப்பட்டது என்பதையும், அப்போது நிக்சனுக்கு இருந்த மக்கள் ஆதரவு 24 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது என்பதையும், மூன்றே மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தல் வரவிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

பின்னால் வந்தவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1998 டிசம்பரில் கிளின்டன் மீதான குற்றச்சாட்டை ஆதரித்த அவரது சொந்தக் கட்சியினர் 5 பேர். செனட்டில் ஒருவர்கூட இல்லை. டிரம்ப் மீதான முதல் நடவடிக்கையில் பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சியினர் ஒருவரும் நகரவில்லை. 2020 பிப்ரவரியில் செனட்டில் மிட் ராம்னி மட்டும் ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளி என்று வாக்களித்தார். சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராக அவ்வாறு வாக்களித்த முதல் செனட்டர் அவரே. 2021 ஜனவரியில் நாடாளுமன்றக் கட்டடமே தாக்கப்பட்ட பிறகு வந்த இரண்டாவது நடவடிக்கையில் பிரதிநிதிகள் சபையில் 10 பேரும் செனட்டில் 7 பேரும் கட்சி வரிசையை விட்டு வந்தார்கள். வாக்கு 57-43. தேவைப்பட்டது 67.

அந்த 10 பேர் என்ன ஆனார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. நால்வர் 2022 தேர்தலில் நிற்கவே இல்லை. லிஸ் செனி உள்ளிட்ட நால்வர் பிரைமரி எனப்படும் வேட்பாளர் தேர்விலேயே தோற்றார்கள். மீண்டும் சபைக்கு வந்தவர்கள் இருவர் மட்டுமே. அந்த இருவரின் மாநிலங்களான கலிபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் பிரைமரியில் எல்லாக் கட்சி வாக்காளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் வாக்களித்து முதல் இருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கேயும் ஒருவர் தோற்றார் என்பதால் அந்த முறை ஒன்றே காப்பாற்றிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கட்சியின் தீவிர ஆதரவாளர்கள் மட்டும் வேட்பாளரைத் தீர்மானிக்கும் இடத்தில் எதிர்த்து வாக்களித்தவருக்குப் பிழைக்க வழி மிகக் குறைவு என்று மட்டும் சொல்கிறேன்.

வேலூர் வழக்கறிஞர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. நம் நாட்டில் முதலமைச்சரையோ பிரதமரையோ பதவிநீக்க விசாரணை நடத்தி அகற்றும் ஏற்பாடு கிடையாது; சபையின் நம்பிக்கையை இழந்தால் அவர் போக வேண்டியதுதான். குடியரசுத் தலைவரைக் குற்றம் சாட்டி நீக்க அரசமைப்பின் 61-ஆம் பிரிவில் வழி இருக்கிறது, ஆனால் அது ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை. இந்த வேறுபாட்டை முதலில் சொல்லிவிட்டு ஒப்பிட்டால் தவறில்லை. தன்னைத் தேர்தலில் நிறுத்திய கட்சியின் தலைமைக்கு எதிராக ஓர் உறுப்பினர் எப்போது நிற்பார் என்ற கேள்வி இரு இடத்துக்கும் பொதுவானது.

பெரிய வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. 1985-இல் 52-ஆவது திருத்தத்தின் மூலம் வந்த பத்தாவது அட்டவணையின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் உறுப்பினர் பதவியே பறிபோகும். ராம்னி தன் கட்சிக்கு எதிராக வாக்களித்த மறுநாளும் செனட்டர்தான். அவரைத் தண்டிக்க விரும்பினால் அவருடைய மாநில வாக்காளர்கள் அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டும். இங்கே பேரவைத் தலைவரின் ஓர் உத்தரவு போதும்.

2017-இல் நடந்ததை நிதானமாகப் பார்த்தால் சட்டம் எவ்வளவு சமமின்றி வேலை செய்தது என்பது புரியும். பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை வாக்குக் கோரியபோது, ஓ. பன்னீர்செல்வம் அணியினர் 11 பேர் கட்சியின் அரசுக்கு எதிராகவே வாக்களித்தார்கள். ஆகஸ்ட் 21 அன்று இரு அணிகளும் இணைந்தன. எதிர்த்து வாக்களித்த அணியின் தலைவர் துணை முதலமைச்சரானார். மறுநாள் டி.டி.வி. தினகரன் ஆதரவு உறுப்பினர்கள் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். இவர்கள் சபையில் கட்சிக்கு எதிராக வாக்களிக்கவே இல்லை. ஆனாலும் கட்சியைத் தாமாகவே விட்டுவிட்டதாகக் கருதி செப்டம்பர் 18 அன்று 18 பேரைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு வழங்க, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25 அன்று அந்த உத்தரவு செல்லும் என்றார். எதிர்த்து வாக்களித்தவர்கள் பதவியில் நீடித்தார்கள், கடிதம் மட்டும் கொடுத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இதைப் பார்த்த பிறகு எந்த உறுப்பினர் மனச்சாட்சியை நம்பித் தலைமைக்கு எதிராக நிற்பார்? எந்தப் பக்கம் வெல்லும் என்பதைத்தான் முதலில் கணக்கிடுவார். சட்டம் அறிந்தவள் என்ற முறையில் இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆம்பூர்க்காரர்:

வழக்கறிஞர் அம்மா சொன்னதற்கு மேல் சட்டத்தில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. தொகுதியில் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். 2017 செப்டம்பரிலிருந்து 2019 மே வரை எங்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. மருத்துவ உதவிக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம் வேண்டி அலைந்தவர்கள் யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றார்கள். தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் உறவுக்காரப் பெண் ஒருவர், தன் தாயாரின் அறுவைச் சிகிச்சைக்காக அந்தக் காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதைப் பார்த்தேன். கட்சித் தலைமைக்கும் உறுப்பினருக்கும் நடந்த வழக்கில் அவர் எந்தத் தரப்பிலும் இல்லை.

இடைத்தேர்தல் வந்தபோது ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் திமுக வென்றது, சோளிங்கரில் அதிமுக வென்றது. தகுதிநீக்கம் செய்யப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த கட்சிக்கு மூன்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. தலைமையை எதிர்த்தார்கள் என்பதற்காக மக்கள் அவர்களைப் பாராட்டவும் இல்லை, தனியாகத் தண்டிக்கவும் இல்லை என்றே எனக்குப் படுகிறது. இரட்டை இலை எங்கே, உதயசூரியன் எங்கே என்றுதான் பெரும்பாலோர் தேடினார்கள். சின்னம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் உறுப்பினரின் உயிர் இருக்கிறது. அமெரிக்காவில் பிரைமரி செய்யும் வேலையை இங்கே சின்னம் செய்கிறது.

ராணிப்பேட்டை வாசகி:

இதுவரை யாரும் தென்கொரியாவைச் சொல்லவில்லை. சொந்தக் கட்சியினரின் வாக்கோடு அதிபர் நீக்கப்பட்ட நிகழ்ச்சி அண்மைக் காலத்தில் அங்கே இருமுறை நடந்திருக்கிறது. 300 பேர் கொண்ட சபையில் 200 வாக்கு வேண்டும். அதன் பிறகு அரசமைப்பு நீதிமன்றம் முடிவு செய்யும். 2016 டிசம்பர் 9 அன்று பார்க் குன் ஹேவுக்கு எதிரான தீர்மானத்துக்கு 234 வாக்கு விழுந்தது. எதிர்க்கட்சிகளும் சுயேச்சைகளும் சேர்ந்து 172 பேர்தான் என்பதால், ஆளுங்கட்சியினர் 62 பேராவது ஆதரித்திருக்க வேண்டும்.

யூன் சுக் யோல் விவகாரத்தில் ஒரே வாரத்தில் நடந்த மாற்றம் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. 2024 டிசம்பர் 3 இரவு அவர் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். 7-ஆம் தேதி வந்த முதல் தீர்மானத்தில் அவருடைய கட்சியினர் மூவரைத் தவிர மற்றவர்கள் வாக்களிக்காமல் வெளியேறிவிட்டார்கள். பதிவான வாக்கு 195 மட்டுமே என்பதால் தீர்மானம் எண்ணப்படாமலேயே வீழ்ந்தது. வெளியே கடுங்குளிரில் மக்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். 14-ஆம் தேதி மறுபடியும் வந்தபோது 204 பேர் ஆதரித்தார்கள். எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர்கள் 192 பேர். 2025 ஏப்ரல் 4 அன்று நீதிமன்றம் 8-0 என்ற கணக்கில் அவரை நீக்கியது.

அந்த வாக்கெடுப்பு ரகசிய வாக்கெடுப்பு. குறைந்தது 12 பேர் கட்சிக்கு எதிராக வாக்களித்தார்கள் என்று கணக்குப் போடலாமே தவிர, சீட்டைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது. முதல் முறை கட்சி அவர்களைச் சபையை விட்டே வெளியே வரச் சொன்னதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். உள்ளே விட்டால் கையில் சீட்டு இருக்கும், யார் என்ன செய்வார்கள் என்று தெரியாது. வெளியே வந்தால் தெரிந்துவிடும். நம் சட்டமன்றத்திலும் 2017 பிப்ரவரியில் ரகசிய வாக்கெடுப்புக் கேட்டார்கள். பேரவைத் தலைவர் மறுத்தார். திமுகவினர் வெளியேற்றப்பட்டு, காங்கிரஸ் வெளிநடப்புச் செய்த பிறகு, கூவத்தூர் விடுதியிலிருந்து வந்திருந்த உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். 122-11. அன்று ஒரு சீட்டும் பெட்டியும் இருந்திருந்தால் அந்த எண்கள் இப்படியே இருந்திருக்குமா?

வேலூர் வழக்கறிஞர்:

அம்மா, உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ரகசிய வாக்கை நான் அவ்வளவு எளிதாக ஏற்க மாட்டேன். நான் வாக்களித்து அனுப்பியவர் என் பெயரில் என்ன செய்தார் என்பதை அறியும் உரிமை எனக்கு வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு வாக்களிப்பவருக்கும் அதே திரைதான் மறைவு தரும். வேலூர் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2019-இல் பணப் பட்டுவாடாப் புகாரால் நம் நாடாளுமன்றத் தேர்தலே ரத்தாகி ஆகஸ்டில் தனியாக நடந்தது.

அது மட்டுமன்று, ரகசியம் இருந்தாலும் உறுப்பினர்கள் ஒரு பெரிய ஆள் இழுக்கும் பக்கம்தான் போகிறார்கள். 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் கொறடா உத்தரவு கிடையாது, வாக்கும் ரகசியம். காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டியை விட்டுவிட்டு வி.வி. கிரிக்கு ஏராளமான காங்கிரசார் வாக்களித்தார்கள். இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகே கிரி வென்றார். 1954-இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நம்மால் வெற்றி பெற்ற காமராசர் அப்போது கட்சித் தலைமையின் பக்கம் நின்று தோற்றார். மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று அழைத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. நாட்டின் அதிகாரம் முழுவதும் அவர் கையில் இருந்தது. மாறி வாக்களித்தவர்களுக்குப் போய் நிற்க ஓர் இடம் இருந்தது.

எதிர்த்து வாக்களிக்காமலேயே காப்பாற்றும் வழி நமக்கும் தெரியும். 1993 மே 11 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியை நீக்கும் தீர்மானம் மக்களவையில் வந்தபோது 196 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. காங்கிரசும் தோழமைக் கட்சிகளுமாக 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும் என்பதால் தீர்மானம் தோற்றது. விசாரணைக் குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானது என்று சொன்ன பிறகும் இப்படி நடந்தது. நான் மிகவும் வெட்கப்படும் நாள்களில் அதுவும் ஒன்று. நேராக எதிர்த்து வாக்களித்திருந்தால்கூட அவர்களை மதித்திருப்பேன்.

குடியாத்தம் ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. கூட்டத்தில் நான் பேச வேண்டியதற்கு மேலாகவே கிடைத்துவிட்டது. இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். தலைவர் போய்விட்டால் கட்சிக்கு என்ன ஆகும் என்ற கணக்கும் உறுப்பினர்கள் மனத்தில் இருக்கும் அல்லவா? நிக்சன் போனபோது அடுத்து வந்தவர் அதே கட்சியின் துணை அதிபர் ஜெரால்டு ஃபோர்டு. அப்படியிருந்தும் ஏன் அமெரிக்காவில் இவ்வளவு தயக்கம்?

ராணிப்பேட்டை வாசகி:

ஐயா, அந்தக் கணக்கில் கொரியர்கள்தாம் அதிகம் இழந்தார்கள். அங்கே அதிபர் நீக்கப்பட்டால் 60 நாளுக்குள் புதிய அதிபர் தேர்தல். பார்க் போன பிறகு 2017 மே மாதமும், யூன் போன பிறகு 2025 ஜூன் மாதமும் எதிர்க்கட்சியே வென்றது. அது நடக்கும் என்பது வாக்களித்தவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கும். தீர்மானத்தை ஆதரித்த கட்சித் தலைவர் ஹான் டோங் ஹூன் இரண்டே நாளில் தலைமைப் பதவியை விட்டு விலக வேண்டியதாயிற்று. இத்தனை இழப்பு இருந்தும் 12 பேர் வந்தார்கள் என்பதால்தான் நான் ரகசிய வாக்கை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வழக்கறிஞர் அம்மாவின் எதிர்வாதம் வலுவானது. ஆனால் பதவிநீக்க வாக்கு ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்குத் தரலாம் என்பது என் நிலை.

காட்பாடி வாசகர்:

ஆசிரியர் ஐயா கேட்டதற்குச் சொல்கிறேன். கட்சிக்கு என்ன ஆகும் என்பதைவிடத் தனக்கு என்ன ஆகும் என்பதே முன்னால் நிற்கிறது. 2021-இல் குற்றவாளி என்று வாக்களித்த 7 செனட்டர்களின் தேர்தல் நாள்காட்டியைப் பாருங்கள். பர், டூமி இருவரும் இனிப் போட்டியிடப் போவதில்லை என்று முன்பே அறிவித்தவர்கள். கேசிடி, காலின்ஸ், சாஸ் மூவரும் மூன்று மாதம் முன்புதான் 6 ஆண்டுக்கு வென்று வந்தவர்கள். ராம்னியின் பதவிக்காலம் 2024 வரை இருந்தது. அடுத்த ஆண்டே வாக்காளரைச் சந்திக்க வேண்டியிருந்தவர் அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கி ஒருவரே. அவருடைய மாநிலம் அப்போதுதான் கட்சி பிரைமரியை ஒழித்து, எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் நின்று முதல் நால்வர் தேறும் முறைக்கு மாறியிருந்தது. அவர் 2022-இல் மீண்டும் வென்றார்.

அவர்களுடைய நேர்மையைக் குறைத்துச் சொல்ல நான் இதை எழுதவில்லை. நாள்காட்டி இடம் கொடுத்தும் நகராதவர்கள் ஏராளம். ஆனால் இன்னொரு பதவிநீக்கத் தீர்மானம் வரும் நாளில் யார் மாறுவார் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்டால், நான் முதலில் பார்க்கச் சொல்வது மூன்று: ஓய்வு அறிவித்தவர்கள் யார், பிரைமரி முடிந்துவிட்டவர்கள் யார், கட்சித் தலைமை உறுப்பினர்களைத் தம் விருப்பப்படி வாக்களிக்க விட்டிருக்கிறதா என்பவை. குற்றப்பத்திரிகையை அதன் பிறகு படிக்கலாம்.